காலடியில் எழுந்த பறவை: நீலகிரிச் சோலையோரம் ஒரு காட்டுள்ளான்

உதகைக்கு மேற்கே, எமரால்டு பக்கத்து மலைச்சரிவு ஒன்றில், டிசம்பர் முதல் வாரத்தில் சுள்ளி பொறுக்கப் போன பெரியவர் ஒருவரின் காலடியிலிருந்து ஒரு பறவை எழுந்து பறந்தது. அவர் தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் சிறுவனாக இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பறவை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு அன்று. ஆனால் காட்டோரத்தில் கண்ணையும் காதையும் திறந்து வைத்து நடக்கும் பழக்கம் உள்ளவர். அவர் சொன்னதை அன்றிரவே சொல் மாறாமல் எழுதி வைத்தேன்: “கோழி மாதிரி கனம் தம்பி, ஆனா கோழி இல்ல. மூக்கு நீட்டு. எந்திரிக்கும்போது வாயைத் தொறக்கல, றெக்கை மட்டும் படபடன்னுச்சு. அஞ்சாறு வருசமா, பனி விழுற மாசத்துல, அதே எடத்துலதான் எந்திரிக்குது.”

இந்த நான்கு வாக்கியங்களிலேயே இந்த ஆய்வுக்கு வேண்டிய சான்றுகள் ஏறக்குறைய முழுவதும் இருந்தன என்பது எனக்குப் பிப்ரவரியில்தான் விளங்கியது. கனத்த உடல், நீண்ட அலகு, ஒலியெழுப்பாமல் எழுவது, ஆண்டுதோறும் அதே பருவத்தில் அதே இடம் என்று அவர் கூறியவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டிருந்தால் மூன்று வாரங்களை வீணாக்கியிருக்க மாட்டேன். நான் செய்ததோ, அவர் சொன்ன பறவையை என் மனத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பட்டியலுக்குள் பொருத்திப் பார்த்ததுதான்.

அந்தப் பட்டியலில் முதலில் வந்தது சாம்பல் காட்டுக்கோழி. நீண்ட அலகு என்ற ஒரே செய்தியால் அது நீங்கியது. சிறு கூட்டமாகத் திரிந்து, எழும்போது திசைக்கொன்றாகச் சிதறும் புதர்க்காடையும் அதே காரணத்தால் நீங்கியது. மிஞ்சியவை, நீண்ட அலகால் சேற்றைத் துழாவி இரை தேடும் உள்ளான்கள். குளிர்காலத்தில் நீலகிரியின் சதுப்புகளுக்கு வரும் சாதாரண உள்ளானும் ஊசிவால் உள்ளானும் மிரண்டு எழும்போது தொண்டை கரகரக்க ஒரு முறையாவது கத்தும். அவற்றின் எடையும் பெரும்பாலும் நூற்றைம்பது கிராமுக்குள் அடங்கும். கோழி மாதிரி கனம் என்று எவரும் அவற்றைச் சொல்லார். ஆகவே போட்டியில் இரண்டே பறவைகள் நின்றன. ஒன்று, ஆங்கிலத்தில் வுட்காக் என்று அறியப்படும் ஸ்கோலோபாக்ஸ் ரஸ்டிகோலா. இதை இக்கட்டுரையில் காட்டுள்ளான் என்று குறிப்பிடுகிறேன். மற்றொன்று வுட் ஸ்னைப் எனப்படும் கல்லினாகோ நெமோரிகோலா. இரண்டும் இமயமலையில் இனப்பெருக்கம் செய்பவை. இரண்டும் குளிர்காலத்தில் தென்னிந்திய மலைகள் வரை வருபவை. இரண்டும் தனித்து வாழ்பவை, கனத்தவை, பெரும்பாலும் குரல் கொடுக்காமல் எழுபவை. வுட் ஸ்னைப் உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. காட்டுள்ளான் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பரவியிருப்பதால் அந்தப் பட்டியலில் கவலைக்குரிய நிலையில் இல்லை. ஆயினும் தமிழ்நாட்டில் அதைக் கண்டவர்கள் சிலரே. எந்தப் பறவை என்பதை முடிவு செய்யாமல் பதிவு செய்வதில் பொருளில்லை. இந்த ஆய்வின் கேள்வி அதுவே.

காட்டுள்ளானைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. உடல் நீளம் 33 முதல் 38 சென்டிமீட்டர். அதில் அலகு மட்டும் 6 முதல் 8 சென்டிமீட்டர். எடை சுமார் 300 கிராம். கண்கள் தலையின் மேற்புறத்தில், மிகவும் பின்தள்ளி அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலேயே சுற்றிலும் 360 பாகையும் அதற்குத் தெரியும். பின்னாலிருந்து ஓசையின்றி நெருங்கலாம் என்ற எண்ணத்தை இந்தப் பறவையிடம் விட்டுவிட வேண்டும்; அதற்குப் பின்புறம் என்று ஒன்று இல்லை. கண்கள் பின்னுக்குப் போனதால் காதுத் துளை கண்ணுக்குக் கீழே இறங்கிவிட்டது. அலகின் நுனியில் உணர்ச்சி நரம்புகள் செறிந்துள்ளன. அலகை மண்ணுக்குள் முழுவதும் செருகிய நிலையில், மேலலகின் நுனியை மட்டும் தனியே வளைத்துத் திறந்து மண்புழுவைப் பற்ற அதனால் முடியும். பகலில் சோலையின் சருகில் அசையாமல் அமர்ந்திருக்கும்; அந்தி சாய்ந்ததும் ஈரமான திறந்த வெளிக்குப் பறந்து சென்று இரவெல்லாம் மேய்ந்து, விடியலில் திரும்பும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை மரங்களுக்கு மேல் ஒலியெழுப்பியபடி வட்டமிடுவது உண்டு. ஆனால் அது நடப்பது வடக்கே, வேறு பருவத்தில். நம் மலையில் இருக்கும் மாதங்களில் அது பெரும்பாலும் ஊமை.

ஆங்கிலேயர் காலத்தில் உதகையைச் சுற்றிய சோலைகளில் நாய்களை விட்டு இதைக் கிளப்பிச் சுட்டார்கள். நீலகிரிக்கென்று வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் தனிச் சட்டம் 1879-இலேயே வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு துப்பாக்கிப் பேச்சுக்கே இடமில்லை. துப்பாக்கியும் நாயும் இல்லாமல் இந்தப் பறவையைத் தேடுவது எப்படி என்பதைத்தான் நாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

இடத்தின் அமைப்பைச் சொல்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், இரு குன்றுகளுக்கு இடையிலான மடிப்பில் ஒரு சிறு சோலை. அதன் நடுவே ஓர் ஓடை ஊறி வருகிறது. சோலைக்குக் கீழே ஓடை விரிந்து, கோரையும் புல்லும் அடர்ந்த சதுப்பாகிறது. சோலைக்கும் சதுப்புக்கும் இடையில், வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரங்கள் ஒரு வேலிபோல் நெருங்கி நிற்கின்றன. அந்த வேலியில் ஓடை புகுந்து வரும் இடத்தில் மட்டும் ஆறேழு அடி அகலத்தில் ஓர் இடைவெளி உண்டு. சதுப்புக்கு அப்பால் கேரட் தோட்டங்களும் ஊர்ப்பாதையும். நாங்கள் நின்றது எப்போதும் பாதைப் பக்கம்தான். சோலைக்குள் பகலில் சென்ற சில நாட்கள் அனுமதி பெற்று, வனத்துறைக் காவலர் ஒருவருடன் சென்றவை.

அந்தப் பகல் தேடலே முதல் தவறு. ஐந்து நாட்கள், காலை ஒன்பது மணிக்கு மேல், குறிஞ்சிச் செடிகளும் பாசி படிந்த வேர்களும் நிறைந்த சோலைத் தரையில், பெரியவர் காட்டிய இடத்தைச் சுற்றி மெல்ல நடந்தோம். நீலகிரிச் சிரிப்பான்கள் கூட்டமாகக் கத்தி எங்கள் வருகையை அறிவித்தன. சோலைக்கிளி என்னும் சிறு பறவை (கிளி அன்று) ஒன்று ஓடைக்கல்லில் வந்து நின்று வாலைச் சிலிர்த்துவிட்டுப் போனது. அட்டைகள் குளிரிலும் குறைவில்லாமல் ஏறின. உள்ளான் எழவில்லை. இப்போது நினைத்தால் எழாததற்கு வியப்பில்லை. தன் நிறத்தின் மேல் இத்தனை நம்பிக்கை வைத்திருக்கும் பறவை, மிதிபடும் தொலைவுக்கு வரும்வரை அசையாது. அதற்குள் நாம் நான்கடி தள்ளிக் கடந்துவிட்டால் நாம் வந்ததும் போனதும் அதற்கு ஒரு செய்தியே அன்று. மேலும், ஒரு வேளை எழுந்திருந்தாலும் நாங்கள் கண்டிருக்கக்கூடியது மரங்களுக்கிடையே மறையும் செம்பழுப்பு முதுகு மட்டுமே; அதை வைத்து இரண்டு பறவைகளையும் பிரிக்க முடியாது. வடக்கிலிருந்து அத்தனை தொலைவு பறந்து வந்து ஓய்வெடுக்கும் பறவையை அதன் படுக்கையிலிருந்து எழுப்புவது சரியா என்ற கேள்வியை அந்த ஐந்து நாட்களில் நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

ஆறாம் நாள் காவலர்தான் திசையை மாற்றினார். “சார், ஆளைத் தேடாதீங்க. அது சாப்பிட்ட இடத்தையும் வெளிக்கிப் போன இடத்தையும் தேடுங்க. புலிக்கே அப்படித்தான் பாக்குறோம்.” அதன்பின் தரையைப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் கிடைத்தது எச்சம். ஓடைக்கரையில், ஒரு வேரின் அடியில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, சுண்ணாம்பைத் தெளித்ததுபோன்ற வெண்ணிறத் திட்டுகள் நான்கு. நடுவில் பசுமை கலந்த கரும்புள்ளி. காட்டுக்கோழியின் எச்சம் இப்படிக் கரைந்து பரவாது, கட்டியாக இருக்கும். நான்கு திட்டுகளும் ஒரு முழத்துக்குள் இருந்தன. ஒன்று புதிது, மற்றவை காய்ந்தவை. பகல் முழுவதும் ஒரே இடத்தில் அமரும் பறவை, அடுத்தடுத்த நாட்களிலும் அதே வேரடிக்குத் திரும்புகிறது என்று அவை கூறின.

அடுத்து, சதுப்பின் மேல் விளிம்பில் துளைகள். பென்சிலைக் குத்தி எடுத்தாற்போல, ஒரு சாண் வட்டத்துக்குள் பதினைந்து இருபது துளைகள். ஈர்க்குச்சியை விட்டு அளந்ததில் ஆழமானது ஏழு சென்டிமீட்டர். பக்கத்திலேயே காட்டுப்பன்றிகள் உழுது போட்டிருந்த மண் இருந்ததால் முதலில் இவற்றை நாங்கள் மதிக்கவில்லை. ஆனால் பன்றி மண்ணைப் புரட்டும். இங்கே மண் புரளவில்லை, துளையின் வாய் மட்டும் வழவழவென்று இருந்தது. ஆயினும் இந்தச் சான்றுக்கு ஒரு வரம்பு உண்டு. எந்த உள்ளானும் இப்படித் துளையிடும். உள்ளான் வந்து மேய்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி; எந்த உள்ளான் என்பதற்கு அன்று.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கிடைத்த இறகுதான் வழக்கைத் திருப்பியது. சீகை வேலியின் இடைவெளியில், முள் நிறைந்த கொடி ஒன்றில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. சிறகின் பறப்பிறகு, என் நடுவிரலைவிட நீளம். நிறம் கரும்பழுப்பு. இறகின் வெளிவிளிம்பில், ரம்பத்தின் பற்களைப்போல வரிசையாக, செங்கல் நிற முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் அடியும் விளிம்பில் இருந்தது. கூர்முனை தண்டை நோக்கி உள்ளே நீண்டது. கல்லினாகோ இனத்து உள்ளான்களின் பறப்பிறகுகளில் இந்த ரம்பப்பல் இல்லை. அவை கோடற்ற மங்கிய பழுப்பு. வுட் ஸ்னைப்பும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அளவுகோலை அருகில் வைத்து இருபுறமும் படமெடுத்தபின், இறகை எடுத்த கொடியிலேயே மீண்டும் செருகிவிட்டோம். வனவுயிரின் இறகைப் பையில் போட்டுக்கொண்டு வருவதற்கு அனுமதி எங்களிடம் இல்லை. பெரியவர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்ல, கோழி இல்லன்னு” என்றார். அவர் எதைத் தீர்ப்பாகச் சொன்னாரோ அதில் அவருக்கு முதலிலிருந்தே ஐயம் இருந்ததில்லை.

இறகு ஒரு காட்டுள்ளான் அந்த இடைவெளி வழியாகப் போனதைச் சொன்னது. ஆனால் பெரியவரின் காலடியில் எழுந்ததும், துளையிட்டதும், இறகு உதிர்த்ததும் ஒரே பறவைதானா என்பதைச் சொல்லவில்லை. அதற்குப் பறவையைக் காண வேண்டும். இறகு கிடைத்த இடமே எங்கே நிற்க வேண்டும் என்பதையும் காட்டிவிட்டது: பகலில் சோலை, இரவில் சதுப்பு, இடையில் ஒரே வாசல்.

டிசம்பர் 20-க்குப் பிறகு பதினான்கு மாலைகள் ஊர்ப்பாதையின் ஓரத்தில், இடைவெளிக்கு நேரெதிரே, மேற்கு வானம் பின்னணியாக இருக்குமாறு நின்றோம். அந்நாட்களில் சூரியன் மாலை 6 மணியைச் சற்றுக் கடந்து மறையும். 6.20 வரை சிரிப்பான்களும் காட்டுக்கோழிகளும் ஓய்ந்து அடங்கும். அதன்பின் காட்டுமாடுகள் சதுப்புக்கு இறங்கத் தொடங்கும் என்பதால் 6.45-க்கு மேல் அங்கே நிற்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். ஆகவே கவனிக்கக் கிடைத்த நேரம் நாளொன்றுக்கு இருபத்தைந்து நிமிடம்.

முதல் மாலை ஏமாந்தோம். 6.22-க்கு ஒரு கரிய உருவம் இடைவெளியைக் கடந்தபோது நான் கையை உயர்த்திவிட்டேன், அது பக்கி என்னும் இரவுப் பறவை. நீண்ட வாலும் துள்ளித் துள்ளிப் பறக்கும் போக்கும் மறுகணமே காட்டிக் கொடுத்தன. இரண்டாம் மாலை, 6.29-க்கு, இடைவெளியின் இருட்டிலிருந்து ஒன்று வெளிவந்தது. ஆந்தை அளவு, அகன்று வளைந்த சிறகுகள், கழுத்தே இல்லாத பருத்த உடல், கீழ்நோக்கிச் சாய்ந்த அலகு வானத்தின் வெளிச்சத்தில் குச்சிபோல் தெளிவாகத் தெரிந்தது. வளையவில்லை, வெட்டித் திரும்பவில்லை, எங்கே போக வேண்டும் என்பது தெரிந்த பறவையாக நேரே வந்து, எங்கள் தலைக்கு இருபதடி இடப்புறமாகக் கடந்து சதுப்பின் மேல் விளிம்பில் இறங்கியது. மொத்தம் நான்கு நொடி. குரல் இல்லை. அடுத்த நாட்களில் அது வந்த நேரங்கள் 6.27, 6.31, 6.30 என்று ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. மூடுபனி இறங்கி வெளிச்சம் முன்கூட்டியே மங்கிய ஒரு நாள் மட்டும் 6.18-க்கே வந்தது. கடிகாரத்தைவிட வெளிச்சத்தின் அளவைத்தான் அது பார்க்கிறது என்பதற்கு அந்த ஒரு நாள் எனக்குப் போதுமானதாகத் தோன்றியது.

பதினான்கு மாலைகளில் ஆறில் அது வரவில்லை. இந்த ஆறு நாட்களே ஆய்வில் மிகவும் சிந்திக்க வைத்தவை. குறிப்பேட்டைப் புரட்டியபோது, வராத நாட்கள் பெரும்பாலும் உறைபனிக் காலத்தின் தெளிந்த வானமுள்ள நாட்களாக இருந்தன. நீலகிரியில் இலையில் ஈரமாகப் படிவதை நீர்ப்பனி என்றும், புல் வெளுத்துக் கண்ணாடித்தூள் பரப்பியதுபோல் ஆவதை உறைபனி என்றும் பிரித்துச் சொல்வோம். மேகமற்ற இரவில் திறந்த புல்வெளி வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அங்கேதான் உறைபனி முதலில் விழுகிறது. சோலையின் கூரைக்குக் கீழே வெப்பம் தங்கிவிடுவதால் அங்கே விழுவதில்லை. சோலை மரத்தின் கன்று புல்வெளியில் வேரூன்றாமல் கருகுவதற்கும், புல்வெளியும் சோலையும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்பதற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்வது வழக்கம். மண்ணின் மேற்பரப்பு இறுகி, புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும் நாட்களில் காட்டுள்ளான் சதுப்புக்கு வராமல் சோலைக்குள் ஓடைக்கரையிலேயே மேய்ந்துவிடுகிறது என்று நான் கருதினேன்.

ஆனால் இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அதை எழுப்பியவர் காவலர். தெளிந்த வானமுள்ள மாலையில் வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். வெளிச்சத்தைப் பார்த்துப் புறப்படும் பறவை அன்று தாமதமாகத்தானே புறப்படும்? 6.45-க்கு நாம் கிளம்பிய பிறகு அது வந்திருந்தால், வராதது பறவை அன்று, நாம்தான். இந்த இரு விளக்கங்களையும் பிரித்தறிய ஒரு வழி செய்தோம். அது இறங்கும் சதுப்பு விளிம்பில் மூன்று இடங்களில், வாசலைச் சாணமிட்டு மெழுகுவதுபோல, சேற்றை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்து வைத்தோம். மாலையில் மெழுகி, விடிந்து வெயில் ஏறியபின் போய்ப் பார்த்தோம். பறவையைக் கண்ட இரவுகளுக்குப் பிறகு மெழுகிய சேற்றில் மூன்று விரல் தடங்களும் புதிய துளைகளும் எப்போதும் இருந்தன. காணாத நாட்களில் ஐந்தைச் சோதித்தோம்: நான்கில் சேறு மேலே உறைந்து, தடமின்றி அப்படியே இருந்தது, ஒன்றில் துளைகள் இருந்தன. ஆக, காவலரின் மறுப்பு ஒரு நாளுக்குப் பொருந்துகிறது. மற்ற நான்குக்குப் பனியே காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பறவையின் ஒரு குளிர்காலத்தை வைத்து இதற்கு மேல் பேசுவது முறையாகாது.

பறவையை அது நிலத்தில் இருக்கும்போது ஒரே ஒரு முறைதான் கண்டோம். ஜனவரி இரண்டாம் வாரம்; முந்தைய நாள் முழுவதும் தூறல்; விடிந்தும் மலை மூடுபனிக்குள் இருந்தது. சேற்றைப் பார்க்கச் சற்று முன்னதாகவே, 6.50-க்குப் போயிருந்தோம். இடைவெளிக்குச் சற்றுக் கீழே, ஓடையின் ஓரத்து வாய்க்காலில், சருகு அசைவதைப் பெரியவர் முதலில் கண்டு என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். எங்களுக்கும் அதற்கும் நாற்பதடி இருக்கலாம். வெளிச்சம் குறைவாக இருந்ததால் அது சோலைக்குத் திரும்பாமல் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது.

முதலில் கண்ணில் பட்டது அதன் நடை. ஒரு காலை முன்னே எடுத்து வைத்து, உடனே ஊன்றாமல், உடலை முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஊசலாட்டி, அதன்பின் அழுத்தி ஊன்றியது. உடல் அத்தனை ஆடியும் தலை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அலகை மண்ணில் நட்டது. நான்கைந்து முறை தையல் ஊசிபோல் வேகமாகக் குத்தி, ஓரிடத்தில் நின்று, அலகை நெற்றி மண்ணில் படும் அளவுக்கு இறக்கியது. அப்படியே சில நொடி. கழுத்து இறுகியது, பின்னோக்கிச் சாய்ந்து இழுத்தது, புழு ரப்பர்போல் நீண்டு வந்து அறுபடாமல் வெளியேறியது. விழுங்கும்போதும் அந்தக் கரிய பெரிய கண் எங்கள் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஒருசேரப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அது தலையை எங்களுக்கு நேராகத் திருப்பியபோது நான் எதிர்பார்த்த அடையாளம் தெரிந்தது. சாம்பல் நிற நெற்றி. அதற்குப் பின் உச்சந்தலையின் குறுக்கே, இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்வரை, அகன்ற கறுப்புப் பட்டைகள், இடையிடையே மெல்லிய மஞ்சள் கோடுகள். வுட் ஸ்னைப் உட்பட உள்ளான்கள் அனைத்துக்கும் தலைக்கோடுகள் அலகிலிருந்து பிடரி நோக்கி நீளவாட்டில் ஓடும். நம்மவர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது: உள்ளானுக்கு நாமம், காட்டுள்ளானுக்குத் திருநீற்றுப்பட்டை. அந்த நிமிடத்தில் அடையாளம் ஐயமின்றி முடிந்தது.

பதினெட்டு நிமிடம் பார்த்தோம். இடையில் சிரிப்பான் ஒன்று எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் பறவை வயிறு மண்ணில் படப் படுத்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அது இல்லாமல் போனது. காய்ந்த நாவல் இலைகளும் ஈரமான குச்சிகளும் மட்டும் இருந்தன. “கண்ணைப் பாருங்க, கண்ணு மட்டும் மினுங்குது” என்று பெரியவர் காதருகே சொன்ன பிறகே, சருகுக்குள் ஒரு நீர்த்துளிபோல் இருந்த கண்ணைக் கண்டு, அதிலிருந்து தலை, தலையிலிருந்து முதுகு என்று மீண்டும் கூட்டிச் சேர்க்க முடிந்தது. எழுந்தபோது ஒரு கணம் வாலை விசிறிபோல் விரித்து உயர்த்தியது. வாலிறகுகளின் நுனியில் அடிப்பக்கம் இருந்த வெள்ளைப் புள்ளிகள் அந்த மங்கலிலும் பளிச்சிட்டன. பறவைகளின் வெள்ளை இறகுகளில் இதுவரை அளக்கப்பட்டவற்றுள் ஒளியை மிக அதிகமாகத் திருப்பி அனுப்புவது இதுவே, ஏறக்குறைய 55 விழுக்காடு, என்று 2023-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. குரலின்றி, அரையிருளில் வாழும் ஒரு பறவைக்கு அப்படியொரு விளக்கு தேவைப்படுவது பொருத்தமாகவே பட்டது. 7.08-க்கு அது வாய்க்காலின் வழியே நடந்தே சோலைக்குள் போய்விட்டது.

ஒரே பறவையா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே நேரத்தில் இரண்டைக் கண்டதே இல்லை. எச்சம் இருந்த வேரடி ஒன்றே, வாசல் ஒன்றே, இறங்கும் இடம் ஒன்றே. ஆகவே அந்தக் குளிர்காலத்தில் ஒரு காட்டுள்ளான் என்றுதான் பதிவு செய்தோம். பெரியவர் சொன்ன ஐந்தாறு ஆண்டுகளும் இதே பறவைதானா என்பது வேறு கேள்வி. ஐரோப்பாவில் வளையமிட்டுச் செய்த ஆய்வுகள், காட்டுள்ளான் குளிர்காலத்தைக் கழித்த இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பும் இயல்புடையது என்று காட்டியுள்ளன. காலில் வளையம் இல்லாத பறவையைப் பற்றி, அது சாத்தியம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசியாக அது வாசலைக் கடப்பதை நாங்கள் பார்த்தது பிப்ரவரி மூன்றாம் வாரம். மார்ச் முதல் வாரத்தில் மெழுகிய சேற்றில் காட்டுமாட்டின் குளம்புகள் மட்டுமே இருந்தன.

கைவிளக்கு, படமெடுக்கும் மின்னொளி, பதிவு செய்த குரல், நாய் ஆகிய எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. அதனால் இந்தக் கட்டுரையுடன் வெளியிடத்தக்க பறவைப் படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. இறகின் படங்களும், மூடுபனிக்குள் மங்கலாகத் தெரியும் ஒரு முதுகும் மட்டும் உள்ளன. இடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்ட நண்பர்கள் சிலருக்கு வருத்தம். ஆறடி வாசலில் ஒவ்வொரு மாலையும் பத்துப் பேர் நின்றால் பறவை வேறு வாசலைத் தேடும். அது பரவாயில்லை என்றாலும், வேறு சதுப்பு அதற்கு எங்கே இருக்கிறது? அந்தச் சதுப்பின் கீழ்ப்பாதி ஏற்கெனவே வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டு கேரட் தோட்டமாகிவிட்டது.

அடுத்த நவம்பரில் போனபோது சீகை வேலி இல்லை. வேற்றிட மரங்களை அகற்றும் பணியில் வெட்டியிருந்தார்கள். புல்வெளிக்கு அது நல்லதே, நானும் அதைக் கேட்டு வந்தவன்தான். ஆனால் வேலி போனதோடு வாசலும் போனது. சோலை முழு அகலத்துக்கும் திறந்து கிடந்தது. மூன்று மாலைகள் பழக்கத்தால் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்; மூன்று மாலைகளும் எதையும் காணவில்லை. மூன்றாம் மாலை மட்டும் என் முதுகுக்குப் பின்னால் எதுவோ சிறகடித்துக் கடந்ததாகப் பெரியவர் சொன்னார். நான்காம் மாலை அவர் ஒன்றும் பேசாமல், என் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து, எதிர்த்திசையைப் பார்த்து நின்றுகொண்டார். 6.24-க்கு அவர் முழங்கை என் விலாவில் இடித்தது.